வண்டை வரவழைத்தவர்களே வண்டுக்குத் தடை போட்ட கதை: அமெரிக்க ஆற்றங்கரைகளில் டாமரிஸ்க்

டாமரிஸ்க் என்ற ஒரு களைமரத்தை ஒழிக்க அதைத் தின்னும் வண்டை வெளிநாட்டிலிருந்து அமெரிக்க அரசாங்கமே வரவழைத்தது. திறந்த வெளியில் விட்டுப் பத்து வருடம் ஆவதற்குள் அந்த வண்டை விடும் திட்டத்தையே அதே அரசாங்கம் நிறுத்தியும் வைத்தது. வண்டு சரியாக வேலை செய்யவில்லையா என்றால், அதுதான் இல்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒழிக்க நினைத்த மரத்தில் ஒரு அழியும் நிலைப் பறவை கூடு கட்டிக் குடியிருந்தது.

அயல் தாவரங்களை அகற்றுவது பற்றிப் பேசும்போது ‘வெட்டு, பிடுங்கு, முடிந்தது’ என்று நினைப்பவர்கள் இந்த விவகாரத்தை முழுசாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் தென்மேற்கில், கொலராடோ ஆறும் அதில் வந்து சேரும் வர்ஜின், கிலா போன்ற ஆறுகளும் ஓடும் வறண்ட பகுதியில் நடந்தது இது.

மரம் எப்படி வந்தது

டாமரிஸ்க்கைத் தூரத்திலிருந்து பார்த்தால் சின்னச் சவுக்கு மரம் போலத்தான் இருக்கும். செதில் செதிலாக மெல்லிய இலை, கோடையில் இளஞ்சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூ. ஆசியாவும் மத்தியதரைக்கடல் பகுதியும் இதன் சொந்த ஊர். 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாக அமெரிக்கக் கிழக்குக் கரை நாற்றங்கால்களுக்கு வந்தது. அப்புறம் மேற்கே போய், மண்ணரிப்பைத் தடுக்கவும் காற்றைத் தடுக்கவும் நல்ல மரம் என்று ஆட்களே வரிசை வரிசையாக நட்டார்கள். அரசுத் துறைகளே பரிந்துரைத்து நட வைத்த மரம் இது என்பதைப் பின்னாளில் இதைத் திட்டித் தீர்த்தவர்களில் பலர் மறந்துவிட்டார்கள். 1920கள் முதல் 1960கள் வரை ஆற்றங்கரைகளில் இது பரவிய வேகம் யாரும் எதிர்பாராதது. இன்று மேற்கு அமெரிக்க ஆற்றங்கரைகளில் அதிகம் காணப்படும் மரவகைகளின் பட்டியலில் மூன்றாவது இடம் இதற்குத்தான்.

அங்கே இருப்பது ஒரே இனமும் அல்ல. ஆசியாவில் தனித்தனியாக இருக்கும் இரண்டு டாமரிஸ்க் இனங்கள் அமெரிக்காவில் ஒன்றோடொன்று கலந்து, அந்தக் கலப்பினம்தான் இப்போது அங்கே பெரும்பாலான கரைகளில் நிற்கிறது.

ஒரு பெரிய மரம் வருடத்துக்கு 5 லட்சம் விதை வரை உதிர்க்கும். தூசு போன்ற விதை, நுனியில் பஞ்சு முடி, காற்றிலும் போகும் தண்ணீரிலும் போகும். ஈர மண்ணில் விழுந்தால் ஒரு நாளைக்குள் முளைக்கும். ஆனால் அந்த விதைக்கு ஆயுள் சில வாரம்தான், அதற்குள் ஈரமண் கிடைக்காவிட்டால் செத்துவிடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், எரித்தாலும் துளிர்க்கும். இலையில் உப்பைக் கசியவிடும் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த இலைகள் உதிர்ந்து உதிர்ந்து, வெள்ளம் வந்து கழுவாத இடங்களில் மேல்மண்ணில் உப்பு ஏறும்.

‘வெள்ளம் வந்து கழுவாத’ என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அணையைப் பற்றிப் பேசாமல் முடியாது

அந்தக் கரைகளின் பழைய குடிகள் காட்டன்வுட்டும் வில்லோவும். மலையில் பனி உருகி வசந்தத்தின் கடைசியில் பெரிய வெள்ளம் வரும். கரையைச் சுரண்டிப் புதுமணல் திட்டுகளைப் போட்டுவிட்டு மெல்ல வடியும். சரியாக அந்தச் சமயத்தில் இந்த மரங்கள் விதையை விடும். விதைக்குச் சில வாரமே ஆயுள், ஆனால் வடிகிற வெள்ளத்தின் ஓரத்தில் வெறுமையான ஈரமண் காத்திருக்கும். வேர் கீழே இறங்கும் வேகத்துக்கு ஏற்றபடி நீர்மட்டமும் மெல்ல இறங்கும். இந்த மரங்களின் வாழ்க்கையே வெள்ளத்தின் காலண்டரை நம்பித்தான்.

கொலராடோவில் ஹூவர் அணை 1930களின் நடுவில் எழுந்தது, கிளென் கேன்யன் அணை 1963இல் ஆற்றை மூடி நீரைத் தேக்கத் தொடங்கியது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக வருடாந்தர வெள்ளம் உச்சத்தில் சராசரியாக விநாடிக்கு 2,400 கன மீட்டர் அளவில் பாய்ந்துகொண்டிருந்த ஆறு, மின்சாரத் தேவைக்கு ஏற்பத் திறந்து மூடும் கால்வாய் மாதிரி ஆகிவிட்டது. வண்டலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. வசந்த வெள்ளம் இல்லாமல் காட்டன்வுட் விதை விழ இடமில்லை. டாமரிஸ்க்கோ வசந்தம் முதல் கோடை முடியும்வரை விட்டு விட்டு விதை உதிர்க்கும் மரம். அணையிலிருந்து எந்த மாதம் தண்ணீர் வந்தாலும் அதற்கென்று ஒரு கைப்பிடி விதை தயாராக இருக்கும். நிலத்தடி நீர் இறங்கினாலும் தாங்கும், உப்பையும் தாங்கும்.

எனவே இந்த மரம் பூர்வீக மரங்களைத் துரத்தியது என்று சொல்வதைவிட, அவை முளைக்க முடியாமல் போன இடத்தில் இது வந்து உட்கார்ந்தது என்று சொல்வதுதான் பல ஆறுகளில் சரி. இதற்கு நல்ல சாட்சி அரிசோனாவின் சான் பெட்ரோ ஆறு. பெரிய அணை எதுவும் கட்டப்படாத ஆறு அது. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடி, நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் பகுதிகளில் அங்கே இன்றும் காட்டன்வுட்டும் வில்லோவும்தான் ராஜா. டாமரிஸ்க்கும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஓரமாக. அதே ஆற்றில் நீர்மட்டம் ஆழத்துக்கு இறங்கிவிட்ட பகுதிகளுக்குப் போனால் டாமரிஸ்க் கை ஓங்கிவிடுகிறது. விதையும் வானிலையும் ஒன்றுதான், மாறியது தண்ணீர் மட்டும்.

மரத்தைப் பல்லால் கடித்து வெட்டும் பீவர் என்ற விலங்கையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அது வில்லோவையும் காட்டன்வுட்டையும் தேடித்தேடி வெட்டும், டாமரிஸ்க்கைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஏற்கனவே நலிந்த கரையில் இது டாமரிஸ்க்குக்கு இன்னொரு உதவி.

தண்ணீர் குடிக்கும் அரக்கன்?

டாமரிஸ்க் மீது மக்களுக்கு இருந்த கோபத்துக்குப் பெரிய காரணம் வனவிலங்கு அல்ல, தண்ணீர். ஒரு மரம் ஒரு நாளைக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் குடிக்கும் என்று ஒரு எண் பல பத்தாண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துண்டறிக்கை, பத்திரிகை, சட்டமன்றப் பேச்சு எல்லாவற்றிலும் அதே எண். டாமரிஸ்க்கை அழித்தால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்பதுதான் வாதம். டெக்சாஸில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் பெரிய அளவில் மருந்தடித்து மரத்தைக் கொன்றார்கள். ஆற்றில் எதிர்பார்த்த நீர்ப்பெருக்கு வரவே இல்லை.

2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காகவே ஒரு சட்டம் போட்டது, அதன்படி நடந்த அறிவியல் மதிப்பீட்டை 2010இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. டாமரிஸ்க் தோப்பு குடிக்கும் நீரும் அதே இடத்தில் காட்டன்வுட்டும் வில்லோவும் இருந்தால் குடிக்கும் நீரும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்று அதில் வந்தது. அகற்றிய இடம் மறுபடி பசுமையாகத்தானே ஆகும், அந்தப் பசுமையும் தண்ணீர் குடிக்கத்தானே செய்யும்! 757 லிட்டர் கணக்கு அளந்து பார்த்ததில் நிற்கவில்லை. ஆனால் அதற்குள் அந்த எண்ணை நம்பி நிறைய முடிவுகள் எடுத்தாகிவிட்டது. கெட்ட பெயர் வாங்கிய செடியைப் பற்றி என்ன சொன்னாலும் நம்புவோம் என்பது என் கருத்து. செடிக்கு வக்கீல் கிடையாது.

அந்தத் தோப்பில் யார் இருக்கிறார்கள்

நேர்மையாகச் சொன்னால், நன்றாக இருக்கும் காட்டன்வுட் தோப்போடு ஒப்பிட்டால் டாமரிஸ்க் தோப்பு ஏழை. தண்டு ஒல்லி, பொந்து விழாது. அதனால் மரங்கொத்திகளுக்கும் பொந்தில் கூடு வைக்கும் மற்ற பறவைகளுக்கும் அங்கே வேலை இல்லை. காட்டன்வுட் உச்சியில் இரை தேடும் மஞ்சள் அலகுக் குயிலும் அதை அவ்வளவாக விரும்பாது. அதன் மேற்குப் பகுதிக் கூட்டம் 2014 முதல் அச்சுறுத்தலில் உள்ளதாகப் பட்டியலில் இருக்கிறது.

ஏழைத் தோப்பு என்பதால் காலித் தோப்பு என்று அர்த்தமில்லை. தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் என்று ஒரு பறவை. எடை 12 கிராம் சுமார், நீளம் 15 சென்டிமீட்டர் அளவு, சாம்பலும் ஆலிவும் கலந்த, பார்த்தால் ஞாபகத்தில் நிற்காத நிறம். குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வட ஓரத்திலும் கழித்துவிட்டு, மே மாதம் வாக்கில் தென்மேற்கு ஆறுகளுக்கு வந்து சேரும். தண்ணீருக்கு அருகே, நெருக்கமான புதரில், இலை அடர்த்தியாக இருக்கும் இடத்தில்தான் கூடு. பெயரில் வில்லோ இருக்கிறது, ஆனால் வில்லோ போன பிறகு இது டாமரிஸ்க்குக்கு மாறிக்கொண்டது. 1995இல் அமெரிக்க மத்திய அரசு இதை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. 2007 கணக்குப்படி மொத்தமே சுமார் 1,300 கூடு எல்லைகள். இனப்பெருக்க இடங்களில் ஏறத்தாழ கால் பங்கு டாமரிஸ்க் மண்டிய இடங்கள், அரிசோனாவில் அதைவிட அதிகம்.

வேறு வழியில்லாமல் கெட்ட வீட்டில் இருக்கிறதோ என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அரிசோனாவின் ரூஸ்வெல்ட் ஏரிப் பக்கம் பறவைகளின் காலில் வளையமிட்டுப் பல வருடம் தொடர்ந்ததில், டாமரிஸ்க்கில் வளர்ந்தவற்றுக்கும் பூர்வீக மரங்களில் வளர்ந்தவற்றுக்கும் உடல்நிலையிலோ உயிர் பிழைப்பதிலோ குஞ்சு பொரிப்பதிலோ சொல்லும்படியான குறை தெரியவில்லை. பறவைக்கு வேண்டியது தண்ணீரும் நிழலும் பூச்சியும். மரத்தின் பூர்வீகம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

வண்டு

வெட்டியும் எரித்தும் மருந்தடித்தும் களைத்தபிறகு, இயற்கை எதிரியைக் கொண்டுவரும் யோசனை வந்தது. டெக்சாஸில் டெம்பிள் நகரத்தில் வேளாண்மைத் துறையின் ஆய்வகத்தில் இருந்த ஜாக் டிலோச் இதில் முன்னோடி. சீனாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் டையோரப்டா என்ற இலைவண்டைக் கொண்டுவந்து, வேறு எந்தச் செடியைத் தின்னும் என்று வருடக்கணக்கில் சோதித்தார்கள். டாமரிஸ்க்குக்கு வட அமெரிக்காவில் நெருங்கிய உறவுச் செடிகள் கிட்டத்தட்ட இல்லை என்பது பெரிய வசதி. 1999இல் வலைக்கூண்டுக்குள், 2001இல் ஆறு மாநிலங்களில் திறந்த வெளியில்.

வண்டு அரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், வைக்கோல் நிறம், முதுகில் கருங்கோடுகள். புழு கறுப்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு. இலையை முழுசாகத் தின்பதில்லை. மேல்தோலைச் சுரண்டும், சுரண்டிய இடத்துக்கு மேலே இருக்கும் பகுதி காய்ந்து பழுப்பாகும், அதனால் தின்ற அளவைவிடச் சேதம் பல மடங்கு. ஆண் வண்டு விடும் வாசனைக்குக் கூட்டம் கூடும், கூட்டமாக ஒரு தோப்பை முடித்துவிட்டு அடுத்ததற்குப் பறக்கும். நெவாடாவில் ஹம்போல்ட் ஆற்றங்கரையில் லவ்லாக் பக்கம் இரண்டே வருடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தோப்புகள் தீப்பிடித்த மாதிரி பழுப்பாகிவிட்டன. மரம் உடனே சாகாது. சில வாரத்தில் தான் சேமித்து வைத்த உணவிலிருந்து மறுபடி துளிர்க்கும், வண்டு மறுபடி வரும், இப்படிச் சில வருடங்கள் போனால் சேமிப்பு தீர்ந்து ஒரு பகுதி மரங்கள் சாகும். ஒரு இடத்தில் பெரும்பான்மை செத்தது, இன்னொரு இடத்தில் பெரும்பான்மை பிழைத்துக்கொண்டது.

ஈப்பிடிப்பான் விஷயம் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இல்லை. அழியும் உயிரினச் சட்டப்படி வனவிலங்குத் துறையைக் கலந்து பேசாமல் வண்டை விட முடியாது. பேசினார்கள். பறவை டாமரிஸ்க்கில் கூடு வைக்கும் இடங்களிலிருந்து 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்குள் வண்டை விடுவதில்லை என்று முடிவானது. அதற்கு மேல் ஒரு நம்பிக்கையும் இருந்தது. வடக்கிலிருந்து வந்த இந்த வண்டு பகல் நீளத்தைப் பார்த்துத்தான் குளிர்கால உறக்கத்துக்குப் போகும். பகல் ஏறத்தாழ பதினான்கரை மணி நேரத்துக்குக் கீழே வந்தால் உறங்கப் போய்விடும். தெற்கே போனால் கோடையிலேயே பகல் அவ்வளவு நீளம் இல்லை, சீக்கிரமே உறங்கப் போய், குளிர் வருவதற்குள் சேமிப்பு தீர்ந்து செத்துவிடும். எனவே 38 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே வண்டு நிலைக்காது என்றார்கள். டெக்சாஸில் விட்ட வடக்கத்தி வண்டுகளுக்கு முதலில் அப்படித்தான் ஆனது. கணக்கு சரிதான், அந்த வருடத்து வண்டுக்கு.

வண்டு மாறியது. ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் தாமதமாக உறங்கப் போனவை தெற்கில் பிழைத்தன, பெருகின. சில வருடங்களிலேயே உறக்கத்தைத் தூண்டும் பகல் நீளம் அளவிடும்படி குறைந்திருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. வண்டுக்குத்தான் அவசரம் என்றால் மனிதர்களுக்கும் பொறுமை இல்லை. 2006இல் யூட்டாவின் டெல்டா என்ற ஊர்ப் பகுதியிலிருந்து வண்டை அள்ளிக் கொண்டுபோய் அதே மாநிலத்தின் தென்கோடியில், செயின்ட் ஜார்ஜ் நகரத்தருகே வர்ஜின் ஆற்றில் விட்டுவிட்டார்கள். அது ஈப்பிடிப்பான் கூடு கட்டும் ஆறு. 200 மைல் ஏட்டில் மட்டும் இருந்தது.

கூடும் காலண்டரும்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பறவை மே மாதம் வருகிறது. தோப்பு பச்சைப்பசேல் என்று இருக்கிறது, இடம் பிடிக்கிறது, கூடு கட்டுகிறது. மூன்று நான்கு முட்டை, அடைகாக்க 12, 13 நாள், குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இன்னும் இரண்டு வாரம் அளவு. ஜூன் கடைசியும் ஜூலையும் வரும்போது குஞ்சுகள் கூட்டில். அதே ஜூன் ஜூலையில்தான் புழுக்கள் தோப்பை மொட்டையடிக்கின்றன. 40 டிகிரி தாண்டும் வெயிலில், நிழலுக்காகத் தேர்ந்தெடுத்த கூடு சில நாட்களில் வெறும் குச்சிகளுக்கு நடுவே திறந்து கிடக்கும். முட்டை வெந்துபோகும், அல்லது குஞ்சு காகத்துக்கும் பாம்புக்கும் கண்ணில் படும். கூடு கட்டும்போது ‘இந்த மரத்துக்கு இலை இருக்காது’ என்று பறவைக்குத் தெரிய வழியே இல்லை. இலை இல்லாத மரத்தில் வந்து இறங்கியிருந்தால் வேறு இடம் தேடியிருக்கும். பச்சை காட்டி வரவழைத்துவிட்டுப் பாதியில் கைவிடுவதால்தான் சூழலியலாளர்கள் இதைப் பொறி என்கிறார்கள். போதாததற்குப் போன வருடம் கூடு கட்டிய இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் வேறு.

2009இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2010 ஜூன் மாதம் வேளாண்மைத் துறை 13 மாநிலங்களில் வண்டு விடும் திட்டத்தையே முடித்துக்கொண்டது, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும் அனுமதிகளும் போயின. வண்டுக்கு அனுமதி தேவைப்படவில்லை. ஏற்கனவே 2009இல் கிராண்ட் கேன்யனுக்குள் வந்திருந்தது, அதன்பின் கொலராடோவின் கீழ்ப்பகுதி, கிலா என்று பறந்து போய்க்கொண்டே இருக்கிறது. விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட எந்த உத்தரவாலும் முடியாது.

என் பார்வையில் இங்கே தவறு எது? வண்டு எதைத் தின்னும் என்ற கணிப்பு பலித்தது, பயிரையோ பூர்வீக மரத்தையோ அது அழிக்கவில்லை. மரம் செத்த பிறகு அந்த இடத்தில் என்ன வரும் என்ற கேள்விக்குத்தான் யாரும் பணமும் ஆளும் ஒதுக்கவில்லை. தானாக வில்லோ வரும் என்று நினைத்தார்கள். வெள்ளம் இல்லாத, மேல்மண்ணில் உப்பு ஏறிய, நீர்மட்டம் இறங்கிய கரையில் எங்கிருந்து வரும்? பல இடங்களில் வந்தது ரஷ்ய நாப்வீட், கோச்சியா போன்ற இன்னொரு வரிசை அயல் களைகள். காய்ந்த தோப்புகளில் தீப்பிடித்தால் நிறுத்துவது சிரமம், பக்கத்தில் தப்பிப் பிழைத்த காட்டன்வுட்டும் சேர்ந்து போகும். டாமரிஸ்க் அளவுக்கு அது தீயைத் தாங்காது.

சரி, அப்படியென்றால் டாமரிஸ்க்கை விட்டுவிட வேண்டுமா? அப்படியும் இல்லை. தண்ணீரை மறுபடி கொடுக்க முடிந்த இடங்களில் கதை வேறு மாதிரி போகிறது. அரிசோனாவின் பில் வில்லியம்ஸ் ஆற்றில் அலமோ அணையிலிருந்து, இயற்கையான வெள்ளத்தைப் போலவே திட்டமிட்டுத் தண்ணீர் திறந்து பார்த்தார்கள். வெள்ளம் அடித்ததில் டாமரிஸ்க் நாற்றுகள் வில்லோ நாற்றுகளைவிட அதிகமாகச் செத்தன. மரம் பெரிதான பிறகு வெள்ளம் ஒன்றும் செய்யாது, நாற்றாக இருக்கும்போது செய்யும். 2014 மார்ச் 23 முதல் எட்டு வாரம், அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மொரேலோஸ் அணையிலிருந்து சுமார் 13 கோடி கன மீட்டர் தண்ணீர் கொலராடோவின் வறண்ட கழிமுகத்துக்குத் திறக்கப்பட்டது. அந்தக் கழிமுகத்தின் லகூனா கிராண்டே பகுதியில் முன்கூட்டியே டாமரிஸ்க்கை எடுத்து நிலத்தைச் சீர்செய்து வைத்திருந்த இடங்களில் காட்டன்வுட்டும் வில்லோவும் முளைத்தன. எடுக்காத இடங்களில் அதே தண்ணீரில் அவற்றுக்கு முளைக்க இடமில்லை; டாமரிஸ்க் நாற்றும் அந்த வெள்ளத்தில் முளைக்கத்தான் செய்தது. ஆக வெறும் தண்ணீரும் போதாது, வெறும் வெட்டும் போதாது, இரண்டும் ஒரே வருடத்தில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும்.

ஈப்பிடிப்பான் இருக்கும் ஆறுகளில் இப்போது வரிசையை மாற்றியிருக்கிறார்கள். முதலில் தண்ணீர் எட்டும் இடமாகப் பார்த்து வில்லோ போத்துகளை நீர்மட்டம் தொடும் ஆழத்துக்கு நடுவது, அது கூடு தாங்கும் அடர்த்திக்கு வளரச் சில வருடம் காத்திருப்பது, அதற்குப் பிறகே பக்கத்து டாமரிஸ்க்கைத் துண்டு துண்டாக, கூடு கட்டாத மாதங்களில் எடுப்பது. வெட்டிய அடிக்கட்டையில் உடனே மருந்து தடவ வேண்டும், தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து மருந்து உள்ளே போகாது, அடுத்த வருடம் அதே இடத்தில் புதராக நிற்கும். கிலா ஆற்றின் மேல்பகுதியில் வண்டு வந்து சேர்வதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கினார்கள். அங்கே போட்டி, நட்ட வில்லோ வளரும் வேகத்துக்கும் வண்டு பறக்கும் வேகத்துக்கும் இடையில்தான்.